முப்பத்தேழாவது கையெழுத்து

அவரு ஏன் கூட வரலன்னு கேட்டியே கண்ணு, ஒரு வார்த்தையில சொல்ற மாதிரி இருந்தா அப்பவே சொல்லியிருப்பேன். எல்லாம் ஒரு படத்தால வந்த வினை. சினிமாப் படம்தான். சிரிக்காதே. பஸ்ஸும் இப்போதைக்கு நகர்ற மாதிரி இல்ல. பள்ளிகொண்டாவுக்கு அந்தாண்ட லாரி கவுந்து கெடக்குதாம், கண்டக்டரே இறங்கி நின்னு டீ குடிச்சிக்கினு இருக்காரு. முன்னால ஒரு வண்டி, பின்னால ஒரு வண்டி, நடுவுல நாம. உனக்கும் வேற வேலை இல்ல, கேளு.

எங்க வூட்டுக்காரரு பேரு முனிரத்தினம். பட்டாளத்துல ஹவில்தாரா இருந்துட்டு, இருபது வருஷம் முன்னால ரிடையர் ஆகி வந்தவரு. குடியாத்தம் பக்கம் எங்க ஊருல வூட்டுக்கு ஒரு பட்டாளத்து ஆளு இருப்பாங்க. மத்தவங்களுக்கு வாய் ஓயாது. நான் அங்க சுட்டேன், இங்க பாய்ஞ்சேன்னு அளந்து வுடுவாங்க, கேக்கறவங்களுக்குக் காது புளிச்சுப்போயிடும். எங்க வூட்டு ஆளு மட்டும் வாயத் தொறக்க மாட்டாரு. சோறு வெச்சா சாப்பிடுவாரு, செடிக்குத் தண்ணி ஊத்துவாரு. மார்கழி வந்தா சன்னல் எல்லாத்தையும் சாத்திட்டு கூடத்துல பாயைப் போட்டு உக்காந்துக்குவாரு. நல்ல மனுஷன். குடி இல்ல, கை நீட்டற பழக்கம் இல்ல. என்னை ஒரு வார்த்தை கடிஞ்சி பேசினதில்ல. கடியாத வார்த்தையும் அதிகம் பேசினதில்ல, அது வேற கதை. நான் அதைப் பெருசா எடுத்துக்கல. வாயாடிப் புருஷனைக் கட்டிக்கினு தலையில அடிச்சிக்கறவங்களையும் பாத்திருக்கேனே.

எங்களுக்கு ஒரே பொண்ணு, ஹேமாவதி. அவளுக்கு ஒரு நல்ல எடம் வந்துது. சுபேதார் எதிராஜுலுவோட பையன். பையனுக்கு ராணிப்பேட்டையில தோல் கம்பெனியில வேலை, தங்கமான புள்ளை. சுபேதார்னா ஹவில்தாருக்கு மேல, உனக்குத் தெரியுமோ என்னமோ. ரிடையர் ஆகி வந்து ரெண்டு பேரும் ஒரே கடையில கறி வாங்கினாலும் அவரு மேலதான். எதிர்ல வந்தா எங்க வூட்டுக்காரரு சைக்கிளை விட்டு இறங்கி நிப்பாரு. அப்பேர்ப்பட்ட மனுஷன் தானா வந்து பொண்ணு கேட்டாரு. எங்க ஊரு முன்னாள் படைவீரர் சங்கத்துக்கு அவருதான் தலைவரு வேற. ஆவணி மொதல் வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தம்னு வாய்வார்த்தையா முடிவாச்சு. எனக்குக் காலு தரையில படல.

ஆடி மாசத்துலதான் இந்தப் பாழாப்போன படம் வந்துது. போர்ப் படம், நம்ம பட்டாளத்துக் கதைன்னு போஸ்டர் ஒட்டியிருந்தான். சுபேதார் சும்மா இருப்பாரா? சங்கத்து ஆளுங்க எல்லாரும் குடும்பத்தோட பாக்கணும்னு சொல்லி ஞாயித்துக்கிழமை காலை ஆட்டத்தை மொத்தமா புடிச்சிட்டாரு. ஊரே கிளம்பிச்சு. ஆம்பளைங்க எல்லாரும் வெள்ளைச் சட்டை போட்டு நெஞ்சுல மெடலைக் குத்திக்கினு வந்தாங்க. பொடிசுங்க கையில காகிதக் கொடி. நான் பட்டுப்புடவை கட்டிக்கினேன். சம்பந்தி வூட்டோட மொத மொத ஒண்ணா வெளிய போறோம், சும்மாவா?

படம் போட்டான். இன்னா சொல்றது போ. பனி. அப்பால பனி. அப்பால காத்து சத்தம். நான் வூட்டுல இருந்திருந்தா ரெண்டு முழம் பூ கட்டி முடிச்சிருப்பேன், அது வரைக்கும் ஒருத்தனும் வாயத் தொறக்கல. மலை உச்சியில ஒரு தகரக் கொட்டாய், அதுல ஆறு பேரு. மாத்து ஆளு எப்ப வருவான்னு காத்துக்கினு கெடக்கறாங்க. எதிரின்னு ஒருத்தன் கண்ணுலயே படல. துப்பாக்கியைத் தொடைக்கறாங்க, உருளைக்கிழங்கு உரிக்கறாங்க, வெறிச்சிப் பாத்துக்கினு உக்காந்திருக்கறாங்க. ஒருத்தன் கேக்கறான், இந்த மலைக்கு நாம இங்க இருக்கறது தெரியுமான்னு. இன்னொருத்தன் அரை மணி நேரம் கழிச்சி, தெரியாதுங்கறான். இதுக்கா பட்டுப்புடவை கட்டிக்கினு வந்தேன்?

பொடிசுங்க அழ ஆரம்பிச்சிதுங்க. பின்னால இருந்த வாலிபப் பசங்க விசில் அடிச்சானுங்க. 'ஏய், ஓட்டி வுடுப்பா, சண்டை எப்ப வரும்'னு ஒரே கூச்சல். கால் இல்லாத ஆளு ஒருத்தரு முன் வரிசையில உக்காந்திருந்தாரு, ரெட்டியூர்க்காரரு. அவரு கட்டையைத் தட்டி, 'மூடுங்கடா வாயை, பாக்க வுடுங்கடா'ன்னு கத்தினாரு. எனக்கு அவரு மேல கோவம். இதுல பாக்கறதுக்கு இன்னா இருக்குது?

எங்க வூட்டுக்காரரு எப்பிடி இருந்தாருன்னு கேளு. சீட்டு நுனியில வந்து உக்காந்துட்டாரு. ரெண்டு கையும் முழங்கால் மேல. கண்ணு இமைக்கல. நான் முறுக்குப் பொட்டலத்தை நீட்டினேன், வாங்கல.

அப்பத்தான் அந்தக் கட்டம் வந்துது. ஆறு பேருல ஒருத்தன், சின்னப் பையன், எழுந்து வெளிய வரான். பூட்ஸைக் கழட்டி வைக்கறான். வெறுங்காலோட பனியில நடக்கறான், நடந்துக்கினே போறான். வாசல்ல காவலுக்கு நிக்கறவன் பாக்கறான். கூப்பிடல. சும்மா பாத்துக்கினு நிக்கறான். அந்தப் பையன் புள்ளியா ஆயி, காணாமப் போயிட்டான். அந்தப் பூட்ஸை மட்டும் காட்றான், காட்றான், காட்டிக்கினே இருக்கான். அதுக்குள்ள பனி விழுந்து ரொம்புது. அப்பால ரிப்போர்ட் எழுதறாங்க, எதிரி சுட்டு செத்தான்னு.

சுபேதார் எழுந்துட்டாரு. 'பொய்! பட்டாளத்துல இப்பிடி ஒருநாளும் நடக்காது! நம்மளைக் கேவலப்படுத்தறான்! எல்லாரும் எழுந்திரு!' அப்பிடின்னு ஒரு சத்தம் போட்டாரு பாரு. அறுவது எழுவது வயசு ஆம்பளைங்க அத்தனை பேரும் டக்குன்னு எழுந்து நின்னாங்க. தூங்கிக்கினு இருந்தவரு கூட எழுந்து நின்னாரு. பழக்கம்! நெஞ்சுல மெடலு எல்லாம் கலகலன்னுது. வெளிய நடங்கன்னாரு, நடந்தாங்க. பொடிசுங்களுக்குக் கொண்டாட்டம்.

எழுந்திரிக்காதது மூணு பேரு. அந்த ரெட்டியூர்க்காரரு, அவரால முடியாது, சரி. ஒரு விதவைப் பொம்பளை, முந்தானையால வாயைப் பொத்திக்கினு உக்காந்திருந்தா. மூணாவது எங்க வூட்டுக்காரரு.

சுபேதார் எங்க வரிசைக்கே வந்துட்டாரு. 'முனிரத்தினம், எழுந்திரு'ன்னாரு.

'படம் முடியட்டும் சார்.'

அவ்வளவுதான் சொன்னாரு. திரும்பிக்கூடப் பாக்கல. எனக்கு உசுரே இல்ல. அந்தாண்ட வழியில சம்பந்தியம்மா ரேணுகா என்னையே பாத்துக்கினு நிக்கறாங்க, இந்தாண்ட இந்த மனுஷன் கல்லு மாதிரி. நான் எழுந்தேன். சீட்டு மடங்கிச்சு. உக்காந்தேன். மறுபடி எழுந்தேன். 'வாங்க'ன்னு அவரு சட்டையைப் புடிச்சி இழுத்தேன். ஹேமா வேற அழுவுறா. எழுந்தும் எழுந்திரிக்காம, உக்காந்தும் உக்காராம நான் நின்ன நிலை இருக்குதே, என் பகையாளிக்கும் வரக்கூடாது. கடைசியில அவங்க போயிட்டாங்க. நான் உக்காந்தே படம் முடியற வரைக்கும் பாத்தேன். பாத்தேன்னா, கண்ணு முழிச்சிக்கினு இருந்தேன்.

அதோட வுட்டாரான்னு கேளு. மறுநாள் ஒரு மணிக்கெல்லாம் சாப்பாடு போடுன்னாரு. சட்டையை அவரே இஸ்திரி போட்டுக்கினாரு. சைக்கிளை எடுத்துக்கினு கிளம்பிட்டாரு. எங்கேன்னு கேட்டா, படத்துக்கு. அதே படத்துக்கு! செவ்வாக்கிழமையும் போனாரு. புதன்கிழமை நான் பின்னாலயே ஆட்டோ வெச்சிக்கினு போனேன். பொம்பளைங்க வகையறா ஏதாவது இருக்குமோன்னு ஒரு புத்தி, மறைக்காம சொல்றேன். தியேட்டர்ல பன்னெண்டு பேரு. அந்த ரெட்டியூர்க்காரரு இருந்தாரு, ரெண்டு காலேஜு பசங்க நோட்டுல ஏதோ எழுதிக்கினு இருந்தானுங்க. இவரு அதே சீட்டு, அதே மாதிரி முழங்கால்ல கை. நான் கடைசி வரிசையில உக்காந்து அவரு முதுகையே பாத்துக்கினு இருந்தேன். அந்தப் பூட்ஸ் கட்டம் வந்தப்ப அந்த முதுகு குலுங்கிச்சு. சளி புடிச்சிருக்குதுன்னு நெனச்சேன். வூட்டுக்கு வந்ததும் மிளகுக் கஷாயம் வெச்சிக் குடுத்தேன், குடிச்சாரு.

ஒண்ணு சொல்லணும். அந்த வாரம் மனுஷன் நல்லாத்தான் இருந்தாரு. ரெண்டாம் தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டாரு. நான் மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, உரிச்சிக்கினு இருந்தா பக்கத்துல வந்து உக்காந்து அவரும் உரிச்சாரு. ஹேமா கிட்ட, பனியில மொதல்ல காது மரத்துப்போவும், அப்பால கூச்சமே தெரியாதுன்னு ஏதோ சொல்லிக்கினு இருந்தாரு. நான்தான் அதட்டினேன். 'கல்யாணப் பொண்ணு கிட்ட இன்னா பேச்சு இது, நல்லதா ஏதாவது பேசுங்க'ன்னேன். சரின்னு எழுந்து போயிட்டாரு. இன்னொரு நாளு காலையில, 'கஸ்தூரி, உங்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்'னு வந்து நின்னாரு. நான் யாரு யாருக்குத் தாம்பூலம் வெக்கணும்னு லிஸ்ட் எழுதிக்கினு இருந்தேன். ஆயிரம் வேலை. 'நிச்சயம் முடியட்டும், அப்பால சொல்லுங்க'ன்னேன். அதுல தப்பு இன்னா? பொண்ணுக்கு நிச்சயம்னா வூட்டுல ஒரு ஆளாவது வேலை பாக்க வேணாமா?

இதுக்குள்ள ஊருல ரெண்டு கட்சி ஆயிப்போச்சு. டீக்கடையில, கோயில்ல, எங்க பாத்தாலும் இதே பேச்சு. நல்ல படம், நெஜத்தைச் சொல்றான்னு நாலு பேரு. நெஜமாவது வெங்காயமாவது, ஜனங்க பட்டாளத்தை மதிக்காமப் போயிடுவாங்கன்னு நாப்பது பேரு. தூக்கம் வருதுன்னு மிச்சம் எல்லாரும். நானும் அந்த மிச்சம்தான். என்னை யாரு கேட்டாங்க?

சுபேதார் ஒரு மனு எழுதினாரு. இந்தப் படம் பொய், பட்டாளத்துல இருந்த நாங்களே சொல்றோம், உடனே தூக்கணும்னு. சங்கத்து ஆளுங்க எல்லாரும் கையெழுத்துப் போட்டாங்க. அந்த ரெட்டியூர்க்காரரு வேற ஊரு, எங்க சங்கத்துல சேத்தி இல்ல. சங்கத்துல போடாத ஆளு ஒருத்தருதான், யாருன்னு நான் சொல்ல வேணாம். சங்கத்துல இருந்து ரெண்டு வாட்டி ஆளு வந்து கேட்டுப் பாத்தாங்க. 'நான் போட மாட்டேன்'னுட்டாரு.

மூணாவது வாட்டி ரேணுகா அம்மாவே வந்தாங்க. பகல் மூணு மணி, இவரு படத்துல இருக்காரு. தட்டுல குங்குமம், பூ, கூடவே அந்தக் காகிதம். காப்பி குடிச்சாங்க. ஹேமா தலையில பூ வெச்சி வுட்டாங்க. அப்பால காகிதத்தை என் மடியில வெச்சாங்க. 'இது ஒண்ணுதான் கஸ்தூரி பாக்கி. சங்கத் தலைவரோட சம்பந்தியே கையெழுத்துப் போடலன்னா அவரு மூஞ்சியை எங்க கொண்டுபோய் வெச்சிக்குவாரு? அவரு புடிவாதம் உனக்குத் தெரியாது. இது ஆச்சுன்னா வெள்ளிக்கிழமைக்குச் சமையக்காரனுக்குச் சொல்லிடலாம்.' சிரிச்சிக்கினேதான் சொன்னாங்க. உள்ள ஹேமா கண்ணாடி முன்னால நின்னு அந்தப் பூவைத் தொட்டுத் தொட்டுப் பாத்துக்கினு இருக்கா. நீயே சொல்லு, நான் இன்னா பண்ணட்டும்?

பட்டாளத்தான் பொண்டாட்டிங்க அத்தனை பேருக்கும் ஒரு வேலை தெரியும் கண்ணு. புருஷன் கையெழுத்தைப் போடறது. அவங்க வருஷத்துல ரெண்டு மாசம் லீவுல வருவாங்க. மீதிப் பத்து மாசம் கேஸ் கனெக்சனுக்கு, ரேஷன் கார்டுக்கு, புள்ளையைப் பள்ளிக்கூடத்துல சேக்கறதுக்கு யாரு போடுவாங்க? நாங்கதான். லீவுல வரப்பவே அவங்க உக்கார வெச்சி சொல்லிக் குடுத்துட்டுப் போவாங்க. இவரும் எனக்குச் சொல்லிக் குடுத்தாரு, கல்யாணம் ஆன புதுசுல, கையைப் புடிச்சி. இங்கிலீஷுல பேரு, கடைசி எழுத்தை வளைச்சி அடியில ஒரு கோடு, கோட்டுக்குக் கீழ ரெண்டு புள்ளி. அவரு திரும்பி வந்த அப்பாலயும் நான்தான் போட்டேன், ஹேமாவோட பள்ளிக்கூட ரிப்போர்ட்டு வரைக்கும். அவருக்கு எழுதப் புடிக்காது. அது திருட்டுக் கையெழுத்துன்னு எனக்கு ஒருநாளும் தோணினதில்ல. சோறு ஆக்கறது, துணி தொவைக்கறது மாதிரி இதுவும் ஒரு வேலை.

போட்டேன். முப்பத்தேழாவது பேரு. கோடு, ரெண்டு புள்ளி. அவரு போட்டா கூட அவ்வளவு சுத்தமா வந்திருக்காது. ரேணுகா அம்மா முகம் அப்பிடியே மலர்ந்துது. என் கையைப் புடிச்சிக்கினாங்க. எனக்கும் அப்பாடான்னு இருந்துது.

படத்தைத் தூக்கிட்டாங்க. நாலு பேரு போயி ஏன்யா தூக்கினன்னு தியேட்டர் மேனேஜர் கிட்ட சண்டை போட்டிருக்காங்க போல. அந்த ஆளு, நான் இன்னா பண்றது, பட்டாளத்துல இருந்தவங்களே எழுதிக் குடுத்திருக்காங்கன்னு அந்த மனுவை டிக்கெட் குடுக்கற கண்ணாடியில ஒட்டி வெச்சிட்டான். பாவி. இவரு ரெண்டு மணிக்கு இஸ்திரி போட்ட சட்டையோட போயி அங்க நின்னிருக்காரு. ஒண்ணாவது பேருல இருந்து படிச்சிக்கினே வந்திருக்காரு.

மூணு மணிக்குத் திரும்பி வந்தாரு. சைக்கிளைத் தள்ளிக்கினு வந்தாரு, ஏறல. நான் மாவு அரைச்சிக்கினு இருந்தேன். கிரைண்டரை நிறுத்துன்னாரு. நிறுத்தினேன்.

'கையெழுத்து நீ போட்டியா?'

'ஆமா. பொண்ணுக்காகப் போட்டேன்'னேன். பயந்துக்கினு சொல்லல, நிமிந்து நின்னுதான் சொன்னேன். கத்துவாருன்னு நெனச்சேன். கத்தியிருந்தா நல்லா இருந்திருக்கும். அப்பிடியே தரையில உக்காந்துட்டாரு, மாவு சிந்தின எடத்துலயே. நெஜமாவே உக்காந்துட்டாரு. அப்பத்தான் சொன்னாரு, இருபது வருஷம் கழிச்சி.

மலை மேல இவரும் இன்னொரு ஆளும் ஒரு காவல்ல இருந்திருக்காங்க. அந்த ஆளு பல நாளா தூங்கல, சாப்பிடல, தனியாப் பேசிக்கினு இருந்திருக்கான். ஒருநாளு விடிகாலையில பூட்ஸைக் கழட்டி வெச்சிட்டுக் கிளம்பி நடந்துட்டான். இவரு பாத்திருக்காரு. கூப்பிடல. 'ஏன் கூப்பிடலன்னு எனக்கே தெரியல கஸ்தூரி. போவட்டும்னு தோணிச்சு. எனக்கும் போவணும்னு தோணிச்சு'ன்னாரு. அப்பால மேலதிகாரி வந்து கேட்டப்ப, எதிரி சுட்டான், குண்டு பட்டுப் பள்ளத்துல விழுந்துட்டான்னு இவருதான் சொல்லியிருக்காரு. எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்காரு. பாத்த ஆளு இவரு ஒருத்தருதானே. அந்த வூட்டுக்கு மெடலு, மரியாதை எல்லாம் போய்ச் சேந்துது. அந்த ஆளு எப்பிடி செத்தான்னு யாருக்கும் தெரியாது.

'நான் போட்ட கையெழுத்து பொய்யின்னு அந்தப் படம் சொல்லிச்சு. யாரோ ஒருத்தனுக்குத் தெரிஞ்சிருக்குதேன்னு ஆறுதலா இருந்துது. அங்க போயி உக்காந்தாத்தான் எனக்கு மூச்சு வந்துது. இப்ப அந்தப் படமே பொய்யின்னு என் பேரு சொல்லுது'ன்னாரு.

நான் இன்னா சொன்னேன் தெரியுமா? 'அதுக்கு இப்ப இன்னா ஆயிப்போச்சு? நீங்க பொய் சொன்னதால அந்த வூட்டுக்கு நல்லதுதானே நடந்துது? நான் போட்டதால நம்ம வூட்டுக்கு நல்லது நடக்கப் போவுது. எழுந்திருங்க, மாவு ஒட்டுது'ன்னேன். சரியாத்தானே சொன்னேன்? அவரு என்னை நிமிந்து பாத்தாரு. அப்பிடி ஒரு பார்வை. பஸ்ஸுல எடம் தெரியாம உக்காந்துட்டா, அது வேற ஆளு சீட்டுன்னு சொன்னதும் எழுந்துக்குவாங்களே, அந்த மாதிரி எழுந்து உள்ள போயிட்டாரு.

நிச்சயம் ஜாம்ஜாம்னு நடந்துது. ஐப்பசியில கல்யாணமும் ஆச்சு. எல்லாத்துக்கும் நின்னாரு, ஒரு குறை வெக்கல. தாரை வார்த்துக் குடுத்தாரு. பதிவு பண்ற எடத்துல, பொண்ணோட அப்பா கையெழுத்துன்னு நோட்டை நீட்டினாங்க. பேனாவை வாங்கி என் கையில குடுத்துட்டாரு. 'அவ போடுவா. என்னை விட நல்லாப் போடுவா'ன்னு சொல்லி சிரிச்சாரு. எல்லாரும் சிரிச்சாங்க. சுபேதார் கூட சிரிச்சாரு. அங்க வெச்சி நான் இன்னா சொல்றது? அந்த ஆபீசரு என் பேரையே எழுதச் சொல்லி வாங்கிக்கினாரு. எனக்கு மட்டும் கண்ணுல தண்ணி. பொண்ணைப் பிரியறான்னு எல்லாரும் தேத்தினாங்க.

அன்னியில இருந்து எதுலயும் கையெழுத்துப் போடறதில்ல. தபால்காரன் வந்தா உள்ள பாத்து, 'கஸ்தூரி'ன்னு கூப்பிடுவாரு. அவ்வளவுதான் இப்ப அவரு என்கிட்ட பேசற பேச்சு. பொண்ணும் போயாச்சு. நான் ஒருத்தி, அவரு ஒருத்தரு, மூணு ரூமு. எங்க திரும்பினாலும் அவரு இருக்காரு, ஆனா இல்ல. வாய்விட்டு அழணும்னா கூட கொல்லைப்பக்கம் போவ வேண்டியிருக்குது. என்னைத் திட்டுய்யா, ரெண்டு அறை அறைஞ்சிடுய்யான்னு கேட்டுப் பாத்துட்டேன். 'உன் மேல கோவம் இல்ல'ங்கறாரு.

இப்ப விஷயத்துக்கு வரேன். வருஷா வருஷம் கார்த்திகையில பென்சன்காரங்க எல்லாரும் பேங்குல போயி உயிரோட இருக்கேன்னு எழுதிக் குடுக்கணும். போன வாரம் இழுத்துக்கினு போனேன். நல்லா சவரம் பண்ணிக்கினு, சட்டை இஸ்திரி போட்டுக்கினு, மாட்டேன்னு சொல்லாம வந்தாரு. கவுண்டர்ல ஒரு சின்னப் பொண்ணு, உன் வயசுதான் இருக்கும். 'ஐயா, இங்க ஒரு கையெழுத்து'ன்னு ஃபாரத்தைத் தள்ளிச்சு. இவரு அதை அப்பிடியே என் பக்கம் தள்ளினாரு.

'அவங்க போடுவாங்கம்மா.'

'இல்ல ஐயா, இதை நீங்கதான் போடணும். நீங்க உயிரோட இருக்கறதை நீங்கதான் சொல்லணும்'னுது அந்தப் பொண்ணு, சிரிச்சிக்கினு.

'அதையும் அவங்களே சொல்லட்டும்'னாரு. கிண்டலா சொல்லல கண்ணு. கோவமாவும் சொல்லல. கடையில சாமான் கேக்கற மாதிரி சாதாரணமா சொன்னாரு. நான் பேனாவை எடுத்தேன். மெய்யாலுமே எடுத்தேன். என் கை ஓடல. அந்தக் கோடு, அந்த ரெண்டு புள்ளி, கண்ணை மூடிக்கினு போடுவேன், அன்னிக்கு ஒரு எழுத்து வரல. பின்னால க்யூவுல நிக்கறவங்க உச்சுக் கொட்டறாங்க. ஃபாரத்தை மடிச்சிப் பையில வெச்சிக்கினு அவரைக் கூட்டிக்கினு வந்துட்டேன்.

இன்னும் நாலு நாளு டைம் இருக்குது. அதான் ஹேமாவைக் கூட்டியாரப் போறேன். அவன்னா அவருக்கு உசுரு. அவ காலைப் புடிச்சிக் கேட்டா போடுவாரு. பென்சனை வுடு, அது போனா போவுது. ஒரு மனுஷன் நான் உயிரோட இருக்கேன்னு எழுத மாட்டேங்கறானே, அந்த வூட்டுல நான் எப்பிடிம்மா இருக்கறது? நான் செஞ்ச தப்புதான் இன்னா? பொண்ணுக்கு நல்லது பண்ணினது தப்பா?

இன்னா கேட்ட? சரியாக் கேக்கல, அந்த ஆளு ஆரன் அடிக்கறான்.

அந்தக் கூட இருந்த ஆளா? பனியில நடந்து போனானே, அவனா? அவன் பேரு...

பேரு இன்னான்னா கேக்குற.

சொல்லியிருப்பாரே. இரு. மலை மேலன்னாரு, விடிகாலைன்னாரு, பூட்ஸுன்னாரு. பேரு சொல்லல. இல்ல, நான் கேக்கல. அவரு தரையில உக்காந்து சொல்லிக்கினு இருக்காரு, நான் மாவு ஒட்டுதேன்னு பாத்துக்கினு இருந்தேன். எந்த ஊருன்னும் கேக்கல. கல்யாணம் ஆனவனா, புள்ளைகுட்டி இருக்குதா, ஒண்ணும் கேக்கல கண்ணு. அதுக்கு அப்பாலயும் கேக்கல. என்னைத் திட்டுன்னு கேட்டேன், அடின்னு கேட்டேன், கையெழுத்துப் போடுன்னு கேட்டேன். அது யாருய்யான்னு ஒரு வார்த்தை கேக்கலியே. இருபது வருஷமா அந்த ஆளு எங்க வூட்டுலதான் இருந்திருக்கான். எனக்கு அவன் பேரு தெரியாது.

கொஞ்சம் காலை மடக்கும்மா, நான் இறங்கறேன். தெரியும், ராணிப்பேட்டை இன்னும் தூரம், தெரியும். எதிர்ப்பக்கம் வண்டி போய்க்கினுதானே இருக்குது, ஏதாவது ஒண்ணைக் கை காட்டி நிறுத்தி வூட்டுக்கே திரும்பிக்கறேன். அந்தப் பையை எடு.